பாயிண்ட் டூ டூ எடுக்கும் தங்கச்சிக்கு: சாதாவா, மேக்னமா?

மனு பாக்கர் 2024-ல் பாரிஸிலிருந்து இரண்டு வெண்கலத்தோடு திரும்பியதிலிருந்து, பிஸ்டல் பழக வேண்டும் என்று வீட்டில் கேட்கிற பெண் பிள்ளைகளைக் குன்னூரிலும் பார்க்கிறேன், கோத்தகிரியிலும் பார்க்கிறேன். மனசு நிறைகிறது. ஏர் பிஸ்டலில் இருக்கும்வரை தோட்டா என்ற பேச்சே கிடையாது. சின்ன ஈயப் பெல்லெட், 10 மீட்டர் தூரம், அவ்வளவுதான். அங்கிருந்து 25 மீட்டருக்கு நகரும்போது பாயிண்ட் டூ டூ வந்துவிடும். கூடவே எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாமா ஒருவரும் வருவார். “வாங்குறதுதான் வாங்குற, மேக்னமா வாங்கிடு கண்ணு. பங்களாப் பக்கம் காட்டு மாடு வந்தாலும் உதவும்” என்பார். உன் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் அந்தப் பேச்சை நம்பி எதையும் செய்துவிடாதே. அக்கா சொல்வதை முதலில் கேள்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்

பாயிண்ட் டூ டூ என்று சொன்னால் பெரும்பாலும் லாங் ரைஃபிள் தோட்டாவைத்தான் சொல்கிறோம். 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் அதுதான். அதைத்தான் இங்கே சாதா என்கிறேன். மேக்னம் வந்தது 1959-ல், வின்செஸ்டர் கம்பெனியிடமிருந்து. பெட்டியில் ‘டபிள்யூ.எம்.ஆர்’ என்றோ ‘மேக்னம்’ என்றோ போட்டிருக்கும். சாதாவில் ‘எல்.ஆர்’ என்று இருக்கும்.

இரண்டுமே ரிம்ஃபயர் ஜாதி. தோட்டாவின் அடியில் சுற்றிலும் மடிந்த விளிம்பு இருக்கிறதே, தீப்பிடிக்கிற மருந்து அந்த மடிப்புக்குள்ளேதான் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பில் அடிக்கும்போது பற்றிக்கொள்ளும். போலீஸ்காரர்களின் 9 மில்லிமீட்டர் தோட்டாவில் இதற்காக அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு ப்ரைமர் இருக்கும், அது சென்டர்ஃபயர். ரிம்ஃபயரில் அந்த வசதி இல்லாததால், ஒரு தடவை சுட்ட கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. விளிம்பில் மருந்து சுற்றிலும் சமமாகப் படியாமல் போனால் அடி விழுந்தும் வெடிக்காது. அதனால்தான் எவ்வளவு நல்ல கம்பெனித் தோட்டாவிலும் எப்போதாவது ஒன்று சதி செய்யும். அப்போது என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உருவத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள். சாதா தோட்டாவில் குண்டும் பித்தளைக் கூடும் வெளியே ஒரே பருமன். குண்டின் அடிப்பாகத்தை மட்டும் ஒடுக்கி உள்ளே செருகியிருப்பார்கள். கூட்டின் நீளம் 15.6 மி.மீ. மேக்னத்தில் குண்டு முழுப் பருமனோடு கூட்டுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். அதனால் கூடு கொஞ்சம் அகலம், நீளமும் ஏறத்தாழ 27 மி.மீ. அகலத்தில் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

மேக்னம் தோட்டாவை சாதா சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் குழியில், போடவே முடியாது. அது பெரிது, தானே தடுத்துவிடும். ஆனால் சாதா தோட்டா மேக்னம் சேம்பருக்குள் தாராளமாக இறங்கிவிடும். “உள்ளே போகுதே, சுட்டா என்ன?” என்று யாராவது கேட்பார்கள். சுற்றிலும் இடம் விட்டு நிற்கிற மெல்லிய பித்தளைக் கூட்டுக்குப் பக்கத்துச் சுவரின் தாங்கல் கிடையாது. அழுத்தம் ஏறும்போது உப்பிப் பிளக்கும். கொதிக்கிற வாயு எந்தச் சந்து கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பீறிடும். ரிவால்வரில் அது உன் கைக்கும் முகத்துக்கும் எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பார். கூடு கிழிந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது தனிப் பாடு. குண்டும் நேராகப் போகாது.

சில ரிவால்வர்களில் இரண்டையும் சுடலாம் என்று கேள்விப்பட்டிருப்பாய். உண்மைதான். அமெரிக்காவின் ரூகர் கம்பெனியுடைய சிங்கிள் சிக்ஸ் மாதிரி சில துப்பாக்கிகளோடு இரண்டு சிலிண்டர் தருவார்கள், ஒன்று சாதாவுக்கு, ஒன்று மேக்னத்துக்கு. பேரல் ஒன்றேதான். சிலிண்டரைக் கழற்றி மாற்றிவிட்டுச் சுடலாம். மாற்றாமல் சுடக் கூடாது. அந்த இரண்டு சிலிண்டரையும் ஒரே பையில் போட்டு வைக்காதே. எதற்கு எது என்று தனித்தனி உறையில் எழுதி வை. இரண்டு தோட்டாப் பெட்டியையும் ஒரே மேஜைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். ஒன்றை முடித்து, மூடி, பையில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒன்று இருந்தால் முக்கால்வாசி ஆபத்து வாசலிலேயே நின்றுவிடும்.

சின்ன பேரலில் மேக்னம் என்ன ஆகிறது

மேக்னம் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்த்து மயங்காதே. அது பெரும்பாலும் நீளமான ரைஃபிள் பேரலில் அளந்தது. 2.6 கிராம் எடையுள்ள குண்டை எடுத்துக்கொள். ரைஃபிளில் சாதா தோட்டா வினாடிக்கு 325 முதல் 380 மீட்டர் வரை போகும். மேக்னம் 570 மீட்டரைத் தொடும். பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. அதே இரண்டையும் 10 சென்டிமீட்டர் பேரல் உள்ள கைத்துப்பாக்கியில் சுட்டால் சாதா சுமார் 300-க்கு வரும், மேக்னம் சுமார் 380-க்கு இறங்கிவிடும். பையில் வைக்கிற மாதிரி 5 சென்டிமீட்டர் பேரலுக்குப் போனால் மேக்னம் 300-ஐ ஒட்டி வந்து நின்றுவிடும். அதாவது ரைஃபிளில் சாதா தோட்டா காட்டுகிற வேகத்தை எட்டவே திணறும்.

காரணம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியக்கூடியது. குன்னூரிலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போனால் வெலிங்டன் தாண்டியதும் அருவங்காடு வரும். அங்கே இருக்கிற கார்டைட் ஃபேக்டரி வெள்ளைக்காரர் காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. துப்பாக்கிக் குண்டையும் பீரங்கிக் குண்டையும் தள்ளிவிடுகிற மருந்து செய்கிற இடம். மருந்து என்றால் எல்லாம் ஒன்றல்ல. சட்டென்று எரிவது உண்டு, நின்று எரிவது உண்டு. எவ்வளவு நீளப் பேரலுக்கு, எவ்வளவு எடைக் குண்டுக்கு என்று பார்த்துத்தான் குருணையின் அளவும் வடிவமும் வைப்பார்கள். மேக்னத்தில் மருந்து அதிகம், அதுவும் நின்று எரியும் மருந்து. ரைஃபிள் பேரலில் குண்டு வாசலுக்குப் போவதற்குள் நன்றாக எரிந்து தள்ளும். கைத்துப்பாக்கியில் அதற்கு அவகாசம் இல்லை. குண்டு வெளியேறிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும். நீ காசு கொடுத்து வாங்கிய மருந்தின் ஒரு பங்கு பேரல் வாயில் நெருப்புப் பந்தாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது. கைத்துப்பாக்கிக்கென்றே வேகமாக எரியும் மருந்து போட்டு சில கம்பெனிகள் மேக்னம் செய்கின்றன. அவை கொஞ்சம் தேவலை. அப்படியும் பேரலின் நீளத்தை யாரும் கூட்டிவிட முடியாது.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 10 சென்டிமீட்டர் பேரலிலேயே மேக்னம் குண்டு ஒலியை விட வேகமாகப் போவதால் வெடிச் சத்தத்தோடு ஒரு சொடுக்குச் சத்தமும் சேரும். சாதா தோட்டா பிஸ்டலில் ஒலி வேகத்துக்குக் கீழே நின்றுவிடுவதால் அந்தச் சொடுக்கு இருக்காது. அதற்காக சாதா என்றால் காதை மூட வேண்டாம் என்று நினைத்துவிடாதே. பாயிண்ட் டூ டூ பிஸ்டல் சத்தமே காது நரம்பைக் கெடுக்கப் போதும். ஒரே நாளில் தெரியாது, வருஷங்கள் போன பிறகு தெரியும், அப்போது எதுவும் செய்ய முடியாது. இரண்டுக்கும் இயர் மஃப் கட்டாயம். கண்ணாடியும் கட்டாயம்.

போட்டிக்கு என்றால் இரண்டாவது பேச்சே இல்லை

உலக அளவில் துப்பாக்கி சுடுதலை நடத்தும் ஐ.எஸ்.எஸ்.எஃப் விதியில் 25 மீட்டர் பிஸ்டலுக்கு அனுமதித்திருப்பது லாங் ரைஃபிள் தோட்டாவை மட்டும்தான். குண்டும் ஈயம் மாதிரி மெத்தென்ற உலோகமாக இருக்க வேண்டும். மேக்னத்துக்கு அங்கே இடம் இல்லை. நம் நாட்டில் 1951-ல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கமும் அதே விதிப்படிதான் போட்டி நடத்துகிறது. 2012 லண்டனில் விஜய் குமார் ரேப்பிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியதும், 2018 ஆசியப் போட்டியில் ராஹி சர்னோபத் 25 மீட்டர் பிஸ்டலில் தங்கம் வாங்கியதும் இந்தச் சாதா தோட்டாவில்தான். ரேப்பிட் ஃபயரில் ஒரு காலத்தில் இதைவிடச் சின்னதான ‘ஷார்ட்’ தோட்டா இருந்தது. 2005-லிருந்து அங்கேயும் லாங் ரைஃபிள்தான்.

பெண்கள் 25 மீட்டரில் 60 தோட்டா சுட வேண்டும். முதல் 30 நிதானமாக, ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிஷம். அடுத்த 30-ல் இலக்கு மூன்று வினாடிதான் முகம் காட்டும், பிறகு ஏழு வினாடி இடைவெளி. அந்த மூன்று வினாடிக்குள் தாழ்த்தி வைத்த கையைத் தூக்கி, குறி பார்த்து, விசையை அழுத்த வேண்டும். இதற்கு வேண்டியது பலம் இல்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்துகொள்கிற தோட்டா. நிதானமான வேகத்தில் போகிற ‘ஸ்டாண்டர்டு வெலாசிட்டி’ வகைதான் பெரும்பாலான மேட்ச் பிஸ்டலுக்குச் சேரும். ஹை வெலாசிட்டி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் வாங்காதே. மெல்லிய மேட்ச் பிஸ்டலின் ஸ்பிரிங்கை அது அடித்தே ஓய்த்துவிடும்.

எந்தக் கம்பெனி என்று கேட்பாய். அதை உன் பிஸ்டல்தான் சொல்ல வேண்டும். ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ், எஸ்.கே, சி.சி.ஐ என்று ரேஞ்சில் கிடைப்பதில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாங்கி, துப்பாக்கியைத் தாங்கி மேல் வைத்துச் சுட்டு, ஓட்டைகள் எதில் நெருக்கமாக விழுகிறதோ அதையே பிடித்துக்கொள். விலை அதிகமானதுதான் உன் பேரலுக்குப் பிடிக்கும் என்று கட்டாயம் இல்லை. பிடித்தது கிடைத்தால் ஒரே பேட்ச் நம்பரில் சீசனுக்கு வேண்டியதை லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குள் எடுத்து வைத்துக்கொள்.

காட்டு மாட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம்

இப்போது மாமாவின் பேச்சுக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்தில் காட்டு மாடு நிற்பதும், இருட்டினால் கரடி சமையல்கட்டைத் தேடி வருவதும் நமக்குப் புதுசா? முழுதாக வளர்ந்த காட்டு மாட்டின் எடை எண்ணூறு கிலோவைத் தாண்டலாம். அதன் எதிரில் 2.6 கிராம் குண்டு, அது சாதாவானாலும் மேக்னமானாலும், அதைக் காயப்படுத்தி வெறியேற்றத்தான் உதவும். காயம்பட்ட காட்டு மாடு திரும்பி வருவது உன் மேலேயும், காலையில் அந்தப் பாதையில் இலை பறிக்கப் போகிற அக்காமார்கள் மேலேயும்தான். சுடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜெயில் வரை போகும். இந்த மலையில் வேட்டைக்குக் கட்டுப்பாடு வைப்பது நேற்று வந்த விஷயமும் இல்லை. 1877-லேயே இங்கே வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் ஏற்பட்டது, 1879-ல் நீலகிரிக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். விலங்கு வந்தால் கதவைச் சாத்து, விளக்கைப் போடு, வனத்துறைக்கு போன் செய். விலங்கு விலகிப் போக வழி விட்டு நில்.

இதோடு சேர்ந்த இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சரணாலயத்தின் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வீடு இருந்து, ஆயுத லைசென்ஸும் இருந்தால், அதே வன உயிரினச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி வனத்துறையிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சுற்றளவுக்குள் புது லைசென்ஸ் கொடுக்க வேண்டுமானாலும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் முதலில் வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். முதுமலை ஒரு பக்கம், முக்குருத்தி ஒரு பக்கம் இருக்கிற மாவட்டத்தில் யார் யார் வீடு இதற்குள் வரும் என்று நீயே பார்த்துக்கொள். மசினகுடிக்காரர்களும் கூடலூர்க்காரர்களும் முதல் வேலையாக இதை விசாரிக்க வேண்டும். மைசூரில் போட்டி என்று முதுமலை வழியாகக் காரில் துப்பாக்கிப் பெட்டியோடு கிளம்பிவிடாதே. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்தில் முன் அனுமதி வேண்டும் என்று 31-ஆவது பிரிவு சொல்கிறது. போட்டிக் கடிதத்தின் நகலோடு முன்கூட்டியே மனுப் போடு.

பனியும் ஈரமும்

நம் மலையில் தோட்டாவுக்குப் பெரிய எதிரி ஈரம். கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவம் ஊறவைக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பித்தளையில் களிம்பு பிடிக்க அது போதும். தோல் உறையிலோ தோல் பெல்ட்டிலோ தோட்டாவைச் செருகி வைக்காதே. தோல் ஈரத்தை இழுத்துப் பித்தளையைப் பச்சையாக்கிவிடும். கம்பெனிப் பெட்டியோடு, இறுக மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, துப்பாக்கி இல்லாத வேறு பூட்டிய அலமாரியில் வை. சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது வெயிலில் காயப்போட்டு மாற்று.

மார்கழிக் குளிரில் ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் ரேஞ்சுக்கு இறங்கினால், போனதும் டப்பாவைத் திறக்காதே. குளிர்ந்த பித்தளை மேல் கீழேயுள்ள வெக்கைக் காற்று பட்டால் வியர்த்துவிடும். அது ஊர்ச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். சாதா தோட்டாவின் ஈயக் குண்டில் மெழுகு பூசியிருக்கும். கடுங்குளிரில் அந்த மெழுகு இறுகி, முதல் சில தோட்டாக்கள் கொஞ்சம் விலகி விழலாம். மேக்னத்தில் பெரும்பாலும் செம்பு உறை போட்ட குண்டு என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அந்த ஒரு விஷயத்தில் மேக்னத்துக்கு மார்க் போடலாம். உயரத்தால் குறி மாறுமா என்றும் கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று லேசு, ஆனாலும் 25 மீட்டர் தூரத்தில் அதனால் ஒன்றும் ஆகாது.

சேம்பருக்குள் எண்ணெய் மிஞ்சக் கூடாது. துருவுக்குப் பயந்து நம் ஊரில் எண்ணெயைக் கொட்டுகிறார்கள். அது குண்டும் கூடும் சேரும் இடம் வழியாக ஊறி மருந்தைச் செத்துப்போக வைக்கும். துடைத்த துணி காய்ந்து வரும்வரை துடை. ஈயம் கையில் படியும், அதனால் ரேஞ்சை விட்டு வரும்போது கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீயைக்கூடத் தொடாதே.

வெடிக்கவில்லை என்றால்

விசையை அழுத்தினாய், ‘டிக்’ என்று மட்டும் கேட்டது. உடனே திறந்து பார்க்கக் கை துடிக்கும். கூடாது. பேரலை இலக்கைப் பார்த்தபடியே வைத்துக்கொண்டு, மனதுக்குள் முப்பது வரை எண்ணு. சில சமயம் தாமதமாகப் பற்றி வெடிக்கும். அந்த நேரத்தில் துப்பாக்கி திறந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலியாக இருக்கும் கையைத் தூக்கி ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடு. வழக்கமான சத்தம் இல்லாமல் ‘புஸ்’ என்று கேட்டால் அதைவிட எச்சரிக்கை தேவை. குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். நிறுத்து, தோட்டாவை எடு, கோச் கம்பி விட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு தொடு.

வீட்டில் வெறும் துப்பாக்கியில் விசை பழகும் ஆசை இருந்தால் முதலில் துப்பாக்கியோடு வந்த புத்தகத்தைப் பார். சென்டர்ஃபயரில் பலதும் தாங்கும். ரிம்ஃபயரில் ஊசி சேம்பரின் விளிம்பிலேயே இடித்துப் பள்ளம் போடும். டம்மித் தோட்டா போட்டுப் பழகு. பழகும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

லைசென்ஸும் பழைய ரிவால்வரும்

21 வயது நிரம்பாவிட்டால் உன் பெயரில் பொதுவாக லைசென்ஸ் கிடைக்காது. அதுவரை கிளப் துப்பாக்கியில், கோச் பக்கத்தில் நிற்கும்போது பழகலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். லைசென்ஸ் எடுக்கும்போது மனு கலெக்டர் ஆபீஸுக்குப் போகும், போலீஸ் விசாரணை வரும், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். சாதாரண லைசென்ஸ்தாரர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸில் எந்த போர் (குழல் விட்டம்), எந்தத் தோட்டா என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் கடையில் வாங்கலாம். வாங்கியது அதிலேயே பதிவாகும்.

எஸ்டேட் பங்களாப் பரணிலிருந்து தாத்தாவின் பழைய ரிவால்வர் கிடைத்தால், “பாயிண்ட் டூ டூதான்” என்ற குடும்பப் பேச்சை வைத்துத் தோட்டா தேடாதே. சுட்டுப் பார்க்கவும் செய்யாதே. அவர் காலமாகியிருந்தால் லைசென்ஸ் இல்லாமல் அது உன் வீட்டில் இருப்பதே சட்டப்படி சிக்கல். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கு. வாரிசு என்ற முறையில் உன் பெயருக்கு மாற்ற மனுப் போட வழி இருக்கிறது. ஒப்படைக்கும்போது பேரலில் என்ன பொறித்திருக்கிறது என்று டீலரைப் படித்து எழுதித் தரச் சொல். ‘எல்.ஆர்’ என்றோ ‘மேக்னம்’ என்றோ அங்கே தெளிவாக இல்லாவிட்டால், துப்பாக்கி மெக்கானிக் சேம்பரை அளந்து சொல்லும்வரை எந்தத் தோட்டாவும் அதற்குச் சொந்தமில்லை. தேர்தல் அறிவித்தால் எல்லா லைசென்ஸ்தாரர்களையும் போலவே உன்னையும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லலாம். அப்போது தேசிய, மாநிலப் போட்டி இருந்தால் விலக்குக் கேட்டு முன்கூட்டியே எழுதிக்கொடு. ஒப்படைப்பதானால் தோட்டாக்களைத் தனியாக எண்ணி, சாதா எத்தனை, மேக்னம் எத்தனை என்று பிரித்து ரசீதில் எழுதி வாங்கிக்கொள்.